பெற்றவனே விட்டு ஓடிய பூதம்!
18 வயதுப் பெண் எழுதிய கதை: தமிழில் தந்தவர் கடலூரில் பிறந்தவர்

கடலூர்:

பாடப் புத்தகத்துக்குள் பேய்ப் படக்கதையை ஒளித்து வைத்துப் படிக்கிறானா பையன்? கை ஓங்கும் முன் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

உலகத்தையே கதிகலங்க வைத்த பூதக்கதை ஒன்றை எழுதத் தொடங்கியபோது அந்தப் பெண்ணுக்கு வயது 18. அதைத் தமிழில் தந்தவர் நம்ம திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர்!

எரிமலை செய்த வேலை

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. சுமத்ராவில் பூமி அதிர்ந்தால் தேவனாம்பட்டினத்தில் என்ன ஆகும் என்பதைக் கடலூர் 2004-ல் பார்த்தது. அதே மாதிரி, தம்போரா கக்கிய புகை மறு வருஷம் ஐரோப்பாவில் வெயிலையே மறைத்தது. கோடையிலும் மழை, குளிர்!

ஜெனிவா ஏரிக்கரையில் வீட்டுக்குள் முடங்கிய நண்பர்களை, ஆளுக்கு ஒரு பேய்க்கதை எழுதச் சொன்னார் கவிஞர் பைரன். அப்படிப் பிறந்ததுதான் மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’. 1818-ல் ஆசிரியர் பெயரே இல்லாமல் 500 பிரதிகள் வெளிவந்தன.

பூதத்துக்குப் பெயர் இல்லை

பிராங்கன்ஸ்டைன் என்பது பூதத்தின் பெயர் அல்ல. 17 வயதில் வெளியூருக்குப் படிக்கப் போன மாணவனின் பெயர். பிண உறுப்புகளை ஒட்டி உயிர் கொடுத்த அவன், அது கண் திறந்ததும் பயந்து ஓடிவிட்டான்.

அனாதையான பூதம் ஒரு குடிசையை ஒளிந்திருந்து பார்த்தே பேசக் கற்றது. கண் தெரியாத கிழவர் மட்டும் அன்பாகப் பேசினார். கண் தெரிந்தவர்களோ அடித்து விரட்டினார்கள். அப்புறம்தான் கொலைகள்! படைத்தவனின் தம்பி, நண்பன், கடைசியில் கல்யாண ராத்திரியில் மனைவி.

‘பிரேத மனிதன்’

இந்தக் கதையைப் ‘பிரேத மனிதன்’ என்று தமிழுக்குக் கொண்டு வந்தவர் புதுமைப்பித்தன். 1906-ல் பிறந்த அவரது சொந்தப் பெயர் விருத்தாசலம். ‘காஞ்சனை’ எழுதித் தமிழ் வாசகர்களின் தூக்கத்தைக் கெடுத்தவரும் அவரே.

மேரி பிறந்த சில நாட்களிலேயே தாயார் இறந்துவிட்டார். புதுமைப்பித்தனும் சின்ன வயதில் தாயை இழந்தவர். கைவிடப்பட்ட பூதத்தின் அழுகை இருவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

தடையும் விடுதலையும்

“இதைப் படிச்சா பிள்ளைங்க கெட்டுப் போயிடும்” என்ற பேச்சு நம்ம வீட்டில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1940-லேயே இந்தப் பூதம் படக்கதையாகிவிட்டது. 1954-ல் எதிர்ப்பு முற்றவே, அங்கே பதிப்பாளர்களே கூடி ரத்தக்காட்டேரிப் படக்கதைகளுக்குத் தடை போட்டார்கள். 1971-ல்தான் அதைத் தளர்த்தினார்கள்.

மறு வருஷமே சிவகாசியில் முத்து காமிக்ஸ் பிறந்தது. 1984-ல் லயன். பிறகு ‘திகில்’ என்ற பெயரிலேயே ஒரு காமிக்ஸ்! அன்று ஒளித்துப் படித்த பையன்கள் இன்று கடை முதலாளிகள், குமாஸ்தாக்கள், வாத்தியார்கள். யாரும் கெட்டுப் போய்விடவில்லை.

சிதம்பரத்தில் பாருங்கள்

சிதம்பரத்தில் நடராஜர் காலடியில் முயலகன் கிடக்கிறான். சாமி அவனைக் கொல்லவில்லை. விட்டு ஓடவும் இல்லை. காலடியிலேயே வைத்திருக்கிறார். அந்த மாணவன் செய்யத் தவறியது இதைத்தான்.

பூதத்தைப் பார்த்துப் பையன் பயந்தால் தப்பில்லை. “பாவம்ப்பா அது” என்று சொன்னால், கதையை அவன் ஒழுங்காகத்தான் படித்திருக்கிறான்!