தோட்டாவின் உள்ளே என்ன இருக்கிறது?

மறுநடவுக்காக மண்ணைப் புரட்டும்போது, பச்சைக் களிம்பேறிய பித்தளைத் துண்டு ஒன்று விரல் நீளத்தில் கிடைப்பதுண்டு. 1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கிய போர்க்காலத்திலும், 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்திலும் நம் காடுகளிலும் தோட்டங்களிலும் சிந்திய தோட்டாக்கள் ஏராளம். பித்தளைக்கு விலை உண்டு என்று, அதைக் கல்லில் தட்டி உள்ளிருப்பதைக் கொட்டப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் மட்டுமல்லர், பெரியவர்களுந்தாம்.

தோட்டா என்பது ஒரே பொருளன்று. நான்கு பொருள்களின் சேர்க்கை. வெளியே தெரிவது பித்தளைக் கூடு. அதன் வாயில் செருகியிருப்பது குண்டு. கூட்டினுள்ளே மருந்து. அடிப்புறத்தின் நடுவே சட்டைப் பொத்தானைவிடச் சிறிய வட்டம் ஒன்று தெரியும், அதுதான் கேப்பு. தீபாவளிக்குப் பிள்ளைகள் பொம்மைத் துப்பாக்கியில் வெடிக்கும் கேப்புக்கு இது அண்ணன் முறை. மருந்து பற்றத் தீ வேண்டும். கேப்புக்கோ ஓர் அடி போதும். துப்பாக்கியின் ஊசி குத்தியதும் கேப்பின் தீ உள்ளே பாய்ந்து மருந்தைப் பற்றவைக்கிறது.

பிரிட்டிஷ் படையினரின் .303 தோட்டாக்கள் பலவற்றில் இருந்த மருந்துக்குக் கோர்டைட் என்று பெயர். தூளாக இராது, உடைத்த மீஹூன் போலப் பழுப்புக் குச்சிகளாக இருக்கும். அது எரிந்து வாயுவாக மாறும்போது ஒரு சதுர அங்குலத்தின்மேல் 40,000 பவுண்டுக்கும் அதிகமான அழுத்தம் உண்டாகிறது. மோட்டார் காரின் டயரில் இருப்பது ஏறக்குறைய 30 பவுண்டுதான்! அந்த அழுத்தமே 11 கிராம் எடையுள்ள குண்டை வினாடிக்கு 740 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. ஒலியின் வேகத்தில் இருமடங்குக்கு மேல்.

துப்பாக்கியில் இந்த அழுத்தத்தைத் தடித்த எஃகு தாங்கிக்கொள்கிறது. கையில் இருக்கும்போது தாங்குவதற்கு என்ன இருக்கிறது? மெல்லிய பித்தளைதான். அது கிழிந்து சிதறும். கனமான குண்டு அதிக தூரம் போகாது. பித்தளைச் சிதறல்தான் கண்ணையும் விரலையும் தேடிவரும். துப்பாக்கி இல்லாமல் தோட்டா வெடிக்காது என்று சொல்வது தவறு.

அமெரிக்காவில் வேட்டைக்காரர் பலர் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். சுட்டுமுடித்த கூட்டை எடுத்து, பழைய கேப்பை நீக்கிப் புதியதைப் பொருத்தி, மருந்து அளந்து, குண்டை அழுத்திச் செருகுவார்கள். அங்கே அது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. மருந்தைக் கிரெயின் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். பொற்கொல்லர் பொன்னை நிறுப்பது போன்ற வேலை. அச்சிட்ட அட்டவணையைப் பார்க்காமல் கைவைப்பதில்லை. ஏனெனில், பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு மருந்துகள் வெவ்வேறு வேகத்தில் எரியும். மாற்றிப் போட்டால் துப்பாக்கியே வெடித்துவிடும். ஆகவே, பெயர்ச்சீட்டு இல்லாத டப்பாவிலுள்ள மருந்தை விவரம் தெரிந்தவர் தொடவே மாட்டார்.

கருவியும் பழக்கமும் உள்ளவர் தொட அஞ்சுவதைத்தான் நாம் கல்லில் வைத்துத் தட்டுகிறோம். இத்தனை மழையில் நனைந்தது இன்னுமா வேலை செய்யும் என்று கேட்கலாம். நீர் புகாதபடி அடைத்துச் செய்ததுதான் தோட்டா. உள்ளே உலர்ந்தே இருக்கக்கூடும். மேலும், கிடைத்தது தோட்டாதானா, கைக்குண்டா, விமானப் பீரங்கியின் குண்டா என்பது மண்படிந்த நிலையில் தெரியாது. உரிமம் இல்லாமல் தோட்டாவை வைத்திருப்பது 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

கண்டால் தொடாதீர்கள். சற்றுத் தள்ளியுள்ள மரத்தில் துணியைக் கட்டி அடையாளம் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி, தோட்ட நிர்வாகத்திடம் சொல்லுங்கள். அல்லது 999 எண்ணில் போலீசுக்குச் சொல்லுங்கள். பிள்ளை அதை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தால், எடுத்துப்போய் வெளியே எறியவோ வாளித் தண்ணீரில் போடவோ வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டு, எல்லாரையும் வெளியேற்றிவிட்டுப் போலீசை அழையுங்கள். பிள்ளையை அப்போது அடிக்காதீர்கள். அடிக்குப் பயந்தால், அடுத்த முறை அது கட்டிலுக்கடியில் போய் ஒளியும்.