இலை அசைந்தால் ஒன்று (பகுதி 9)

போன வாரம் உள்ளங்கையை விரித்துக்காட்டச் சொல்லியிருந்தேன். விண்ணிலிருந்து வரும் மியூவான் துகள்கள் கடல்மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று வீதம் விழுகின்றன. விரித்த கையை நொடிக்கு ஒன்றாவது துளைத்துக்கொண்டு போகிறது. கண்ணுக்கும் தெரியாத, கைக்கும் உறைக்காத அதை எப்படித்தான் எண்ணுகிறார்கள்? எண்ணும் இடம் மதுரை. எனக்கு அது விளங்கிய இடம் ஆத்தூர்.

தாமிரபரணி கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது ஆத்தூர். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை அந்த ஊருடையது. அகத்தி நிழலில் கொடிக்கால் பட்டப்பகலிலும் மங்கலாகத்தான் இருக்கும். ஐப்பசியில் ஒருநாள் அதற்குள் நின்றிருந்தபோது தூறல் விழுந்தது. துளி கண்ணில் படவில்லை. ஓர் இலை சட்டென்று தலையாட்டி அடங்கியது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. ஆடிய இலையை எண்ணினால் விழுந்த துளியின் கணக்கு கிடைத்துவிடும்.

சிலிக்கான் ஃபோட்டோமல்டிபிளையர் என்ற ஒளியுணரி செய்வது இதைத்தான். மதுரையில் பயன்படும் வகை இரண்டு மில்லிமீட்டர் சதுரச் சில்லு. அதற்குள் 1,584 நுண்கட்டங்கள். கட்டம் ஒவ்வொன்றும் ஓர் இலை. சுமார் 53 வோல்ட்டில் உடைப்பெடுக்கும் கட்டத்துக்கு 3 வோல்ட் கூடுதலாகக் கொடுத்து, கரை முட்ட நிற்கும் குளம்போல வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு ஃபோட்டான் உள்ளே வந்து ஓர் எலக்ட்ரானைக் கிளப்பிவிட்டால் போதும், அது 17 லட்சமாகப் பெருகிவிடும். உடனே கட்டத்தோடு இணைந்த மின்தடை வோல்ட்டைத் தாழ்த்தி உடைப்பை அடைக்கிறது. கட்டம் அடுத்த துளிக்குத் தயார்.

"காத்துலயும் எல ஆடும்லா. அப்பம் என்ன செய்வீய?" என்று கேட்டார் கொடிக்கால்காரர். இந்தக் கருவியைப் பற்றி நான் கேட்ட கேள்விகளில் இதுதான் முதல்தரமானது.

காற்றாக இங்கே இருப்பது வெப்பம். முழு இருட்டில் வைத்தாலும், அறை வெப்பத்தில் இந்தச் சில்லின் கட்டங்கள் நொடிக்குச் சில லட்சம் முறை தாமாகவே ஆடுகின்றன. 8 முதல் 10 டிகிரி ஏறினால் அது இரட்டிப்பாகும். அதோடு, உடைப்பெடுக்கும் வோல்ட் டிகிரிக்கு 54 மில்லிவோல்ட் வீதம் மேலே போகும். நம் கடற்கரையில் மார்கழி விடியலுக்கும் சித்திரை உச்சிவெயிலுக்கும் 10 டிகிரிக்கு மேலேயே வித்தியாசம் உண்டு. கூடுதலாகக் கொடுத்த 3 வோல்ட்டில் அரை வோல்ட்டுக்கு மேல் அதிலேயே கரைந்துவிடும்; பெருக்கம் ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறையும். அதனால்தான் இதைக் கையாள்பவர்கள் வெப்பமானியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை.

இன்னும் உண்டு. ஆடிய இலை பக்கத்து இலையைத் தட்டி ஆட்டிவிடும். இந்த வகையில் அது நூற்றுக்கு மூன்று தடவைதான். ஒரே இலையில் ஒரே சமயத்தில் இரண்டு துளி விழுந்தாலும் கணக்கு ஒன்றுதான். ஆகவே தூறலுக்கு இது கச்சிதம், அடைமழைக்கு ஆகாது. துளிகளில் பல கணக்கில் வராமலே போகும்: நூறு நீல ஃபோட்டான்களில் நாற்பதுதான் பிடிபடும்.

இவ்வளவு குறைகள் இருந்தும் இதை ஏன் நாடுகிறார்கள்? பழைய ஃபோட்டோமல்டிபிளையர் கண்ணாடிக் குழல். ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் கேட்கும், பக்கத்தில் காந்தம் இருந்தால் தடுமாறும். மதுரையை அடுத்த வடபழஞ்சியில் 2018 முதல் இயங்கும் மினி ஐகால் என்ற கருவியோ 85 டன் எடையுள்ள இரும்புக் காந்தம். தேனி மாவட்டம் பொட்டிபுரம் மலைக்குள் அமைக்கத் திட்டமிட்ட 51,000 டன் நியூட்ரினோ கருவியின் அறுநூறில் ஒரு பங்கு அது.

நியூட்ரினோவைத் தேடும்போது குறுக்கிடும் மியூவான் கூட்டத்தை வடிகட்டத்தான் ஒரு கிலோமீட்டர் பாறை தேவைப்பட்டது. மலையைக் குடைவதை மக்கள் எதிர்த்தார்கள். அனுமதிக்க இயலாது என்று 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அந்தச் சண்டையில் இரு தரப்பும் பேசியதை நாடே கேட்டது. வடபழஞ்சியில் நடக்கும் சோதனை மட்டும் ஏனோ பெரிதாகப் பேசப்படவில்லை. அங்கே கேட்கப்படும் கேள்வி இது: சுமார் நூறு மீட்டர் ஆழமே போதுமா, மீதியைக் கருவியைச் சுற்றிய ஓர் உணரிக்கூரை பார்த்துக்கொள்ளுமா? அதற்குப் பத்தாயிரம் மியூவானில் ஒன்றுக்கு மேல் தப்பக் கூடாது.

அதற்காகத்தான் மினி ஐகாலுக்கு மேலேயும் மூன்று பக்கமும் மின்னொளிரும் பிளாஸ்டிக் பட்டைகள். மியூவான் பாய்ந்தால் பட்டைக்குள் நீல ஒளி மினுங்கும். உள்ளே ஓடும் 1.4 மில்லிமீட்டர் இழை அதைப் பச்சையாக்கிக் கடத்தும். பட்டைக்கு இரண்டு இழை, இழைக்கு இரண்டு முனை, முனைக்கு ஒரு சில்லு. மொத்தம் 3,000க்கும் மேல்.

கொடிக்கால்காரருக்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது. காற்றில் ஆடுவது பெரும்பாலும் ஒற்றை இலை. மியூவான் வந்தால் பல இலைகள் சேர்ந்து ஆடும், ஒரே கணத்தில், பட்டையின் இரண்டு முனையிலும், அடுக்கடுக்காக. அப்படி ஆடினால் மட்டும் எண்ணு என்று கருவிக்குச் சொல்லிவிடலாம். அவரிடம் இதைச் சொன்னபோது, "அப்பம் நாலு பேரு சாட்சி சொல்லணும்" என்றார்.

அடுத்த வாரம் ஊட்டி. 2014 டிசம்பர் 1 அன்று அங்கே ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்ததை மியூவானை வைத்தே அளந்த கதை.