படியாத மண்

ஆடியில் காவிரிக்குப் புதுத்தண்ணீர் வரும்போது ஒரு குடம் மொண்டு வைத்துப் பாருங்கள். மணல் உடனே அடியில் தங்கிவிடும். செங்கலங்கல் மட்டும் மறுநாளும் அப்படியே நிற்கும்.

துகள் நீரில் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள மணல் ஒரு மீட்டர் ஆழத்தை ஏறத்தாழ 2 நிமிடத்தில் கடந்துவிடும். விட்டத்தில் அதன் நூறில் ஒரு பங்கான களிமண் துகளுக்கு அதே ஆழம் ஏறக்குறைய 13 நாள் பயணம். அதுவும் அசையாத நீரில்தான். குடத்து நீரில் வெயிலின் சூடு எழுப்பும் மெல்லிய ஓட்டமே துகளை மறுபடி மேலே தூக்கிவிடும்.

துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்தால் சீக்கிரம் இறங்குமே? ஒட்டுவதில்லை. அதுதான் எனக்கு ஓயாத வியப்பு. களிமண் துகளின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. ஒரே மின்னூட்டம் கொண்டவை ஒன்றையொன்று விலக்கும். குடம் அசையாமல் இருந்தாலும் உள்ளே ஒரு தள்ளுமுள்ளு ஓய்வதேயில்லை. வெளிச்சம் இத்துகள்களில் பட்டு நாலாபுறமும் சிதறுவதைத்தான் நாம் கலங்கலாகக் காண்கிறோம்.

படிகாரத்தைக் கலக்கினால் அதிலுள்ள அலுமினியத்தின் நேர்மின்னூட்டம் அந்த விலக்கத்தைத் தணிக்கிறது. துகள்கள் கூடித் திரிதிரியாகி இறங்குகின்றன. நம் வீடுகளில் பானையின் உட்புறம் தேய்த்த தேற்றாங்கொட்டை வேறு வழியில் போகிறது: அதிலுள்ள நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் துகள்களுக்கிடையே பாலம்போல நின்று பிணைக்கின்றன. கலித்தொகைக் காலத்திலேயே தமிழர் இக்கொட்டையின் பயனை அறிந்திருந்தார்கள். மின்னூட்டம் என்ற பேச்சே இல்லாத நாளில் எந்த மரத்து விதை எதற்கு உதவும் என்று கண்டுகொண்ட கூர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கலங்கல் கண்ணுக்கு மட்டுமே உறுத்தல் என்று விட்டுவிட முடியாது. துகளோடு ஒட்டிய கிருமிகளைக் குளோரின் எளிதில் தொடாது. அதனால்தான் குடிநீரில் கலங்கல் 1 அலகுக்கு மேல் வேண்டாம், வேறு வழியில்லாவிட்டால் 5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். தெளிந்த நீரிலும் கிருமி இருக்கலாம். காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

துகள்களைத் திரட்டிப் படியவைக்கும் வேலையைக் கடல் பெரும் அளவில் செய்கிறது. உப்பிலுள்ள அயனிகள் களிமண்ணின் மின்னூட்டத்தை மறைத்துவிடுவதால், ஆற்றில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் படியாமல் வந்த துகள்களும் முகத்துவாரத்தில் கூடித் திரண்டு இறங்குகின்றன. டெல்டாக்களின் விளிம்பில் நிலம் வளர இதுவும் ஒரு காரணம்.