உங்களுக்குத் தெரியுமா? கடல்மல்லையின் இருவகைக் கட்டணம்

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் தரிசிக்க வருகிற யாத்திரிகரிடம், தொல்லியல் துறையினர் 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டில் உயர்த்திய விகிதப்படி, இந்தியப் பிரஜையாயின் 40 ரூபாயும் அயல்நாட்டாராயின் 600 ரூபாயும் நுழைவுக் கட்டணமாகப் பெறுகிறார்கள். பதினைந்து வயதுக்கு உட்பட்ட சிறுவர்களுக்கோ, அவர்கள் எத்தேசத்தவராயினும், கட்டணமே கிடையாது.

இந்த ஏற்பாட்டில் ஒரு விசேஷம் உண்டு. சார்க், பிம்ஸ்டெக் கூட்டமைப்புகளைச் சேர்ந்த நாடுகளின் பிரஜைகளுக்கும் இந்தியருக்குரிய கட்டணமே விதிக்கப்பட்டிருப்பதால், யாழ்ப்பாணத்திலிருந்து வரும் தமிழரும், பர்மாவிலிருந்து வரும் தமிழரும், ஏன், தாய்லாந்துக்காரருங்கூட 40 ரூபாயோடு உள்ளே செல்கையில், முன்னோர் பிறந்த மண்ணைக் காணும் ஆவலோடு பினாங்கிலிருந்து புறப்பட்டு வந்த மலேசியத் தமிழர், கையில் அந்நாட்டுப் பாஸ்போர்ட் மட்டும் இருக்குமானால், 600 ரூபாய் கொடுத்தே பல்லவச் சிற்பியின் கைவண்ணத்தைக் காண வேண்டியிருக்கிறது. இந்நாட்டு மக்களின் வரிப்பணத்தாலும் பராமரிக்கப்படுகிற சின்னங்களுக்கு இந்நாட்டார் குறைவாகக் கொடுப்பது நியாயமே. ஆயினும் பதினைந்து மடங்கு வித்தியாசம் மிகையென்றே சொல்ல வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலும் அதே துறையின் பாதுகாப்பில்தான் இருக்கிறது. அங்கே நித்திய வழிபாடு நடைபெறுவதால் நுழைவுக் கட்டணம் எவருக்கும் இல்லை.

ஓ.சி.ஐ. அட்டை பெற்ற அயல்நாட்டு இந்திய வம்சாவளியினருக்கு இந்தியருக்குரிய கட்டணமே போதும். அயலிலிருந்து வரும் உறவினர் உங்களுக்கு இருப்பின், அந்த அட்டையை மறவாமல் எடுத்துவரச் சொல்லுங்கள்.