உங்களுக்குத் தெரியுமா? மேசையில் கிடக்கும் கைபேசி

சமூக ஊடகத்தைத் திறக்காவிட்டாலும், கைபேசி அருகில் இருப்பதே கவனத்தைக் குறைக்கலாம். அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட சோதனையில், ஒலியை நிறுத்திக் கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்த மாணவர்கள், அதை வேறு அறையில் விட்டுவந்தவர்களைவிட நினைவுத்திறன் தேர்வில் பின்தங்கினர். கைபேசியை எடுக்காமல் இருக்கும் முயற்சியே மனத்தின் ஆற்றலைத் தின்றுவிடுகிறது என்பது அவர்கள் விளக்கம். பின்னர் நடந்த மறுசோதனைகள் சிலவற்றில் இந்த வேறுபாடு தென்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதற்காகக் கைபேசிக்குத் தடைபோடுவதும் எளிதல்ல. மாலை 6 முதல் இரவு 10 வரை கைபேசி கூடாது என்ற விடுதி விதியை எதிர்த்துக் கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி மாணவி ஒருவர் வழக்குத் தொடுத்தார். இணைய வசதி கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. கேரளத்தின் உடும்பஞ்சோலை ஏலக்காய்த் தோட்டங்களிலிருந்து அம்மாநிலக் கல்லூரிகளுக்குச் சென்று விடுதியில் தங்கும் பிள்ளைகளுக்கும் அந்த உரிமை உண்டு.