எட்டாவது சுவர்க் கடிகாரம் வேண்டாமே!

புதுமனை புகுவிழாவுக்குப் போகிறீர்கள். என்ன பரிசு வாங்குவீர்கள்? சுவர்க் கடிகாரம், ஹாட் பேக், டின்னர் செட், பிள்ளையார் படம். முக்கால்வாசிப் பேர் இவற்றில் ஒன்றைத்தான் வாங்குகிறார்கள். டைட்டன் தொழிற்சாலையே இருக்கிற எங்கள் ஓசூரில் கேட்கவே வேண்டாம். ஒரு விசேஷத்துக்கு ஏழெட்டுக் கடிகாரங்கள் வந்து சேரும். வாங்கியவர் சிரித்த முகத்தோடு பரணில் ஏற்றி வைத்து, அடுத்த விசேஷத்தில் நமக்கே திருப்பித் தருவார்!

போகட்டும். ஆனால் வேறு ரகத்தில் சில பேர் இருக்கிறார்கள். சட்டைப் பையில் டெஸ்டர் வைத்திருப்பார்கள். ஊருக்குக் கிளம்பும்போது சிலிண்டர் ரெகுலேட்டரை மூடியாயிற்றா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்ப்பார்கள். ஓசூர் சிப்காட்டில் காலம் தள்ளியவர்களில் இந்த ரகம் அதிகம். தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் 1966-ல் தொடங்கப்பட்ட மார்ச் 4-ஐ தேசியப் பாதுகாப்பு தினமாகக் கொண்டாடுகிறார்களே, அன்றைக்குத் தொழிற்சாலையில் உறுதிமொழி எடுத்து எடுத்துப் பழகியவர்கள். என் பெரியப்பாவும் இப்படித்தான். ஒரு தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இவருக்கு எதையாவது பரிசு கொடுத்தால் முதலில் அட்டைப்பெட்டியைத் திருப்பி ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுவார். நன்றி சொல்வதெல்லாம் அப்புறம்தான்.

இவர்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்று கேலி செய்வது சுலபம். எங்கள் மாவட்டத்துக்காரர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள். 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். அதே வருடம் அக்டோபர் 7-ல் ஓசூரைத் தாண்டியதும் வருகிற அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை தீப்பிடித்தது. அதில் இறந்தவர்களில் பெரும்பாலானோர் நம் மாநிலத்திலிருந்து வேலைக்குப் போனவர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின் மிச்சம் உள்ளே வந்தபோது, கடலே இல்லாத ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. ஏரி வழிந்து, சாலையில் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் அடித்துச் செல்லப்பட்டதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். புயல் என்றால் கடலூருக்கும் நாகைக்கும்தான் என்கிற நினைப்பு அன்றோடு போயிற்று.

சரி, விஷயத்துக்கு வருவோம். இப்படிப்பட்டவர்களுக்கு வாங்கும்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். ராத்திரி இரண்டு மணிக்கு, கரன்ட் இல்லாதபோது, யாரையும் கேட்காமல் இது வேலை செய்யுமா? இருபது வசதிகள் உள்ள ஸ்மார்ட் கருவியாக இருந்தாலும் இதற்கு பதில் 'இல்லை' என்றால் கடையிலேயே வைத்துவிடுகிறேன்.

உயிர் காக்கும் டப்பா

புது வீட்டுக்கு என் முதல் தேர்வு ஆர்.சி.சி.பி. 'இதைப் போய் பரிசாகக் கொடுப்பதா?' என்று கேட்காதீர்கள். வீட்டில் எம்.சி.பி. இருக்கிறதே, அது போதாதா என்றால் போதாது. எம்.சி.பி. ஒயரைத்தான் காப்பாற்றும். ஓவர்லோடு அல்லது ஷார்ட் சர்க்யூட் ஆனால் விழும். உங்கள் உடம்பு வழியாகக் கொஞ்சம் மின்சாரம் தரைக்குப் போனால் அதற்குத் தெரியாது. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு கணக்கே இல்லை.

ஆர்.சி.சி.பி. செய்வது எளிமையான காரியம். பேஸில் போன மின்சாரம் நியூட்ரலில் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வித்தியாசம் வந்தால் கண் சிமிட்டும் நேரத்தில் லைனைத் துண்டித்துவிடும். ஈரக்கையோடு கிரைண்டரைத் தொடுகிற அம்மாவுக்கும், சார்ஜரில் விளையாடுகிற குழந்தைக்கும் இதுதான் காவல். வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள். 100, 300 என்றெல்லாம் கடையில் இருக்கும். அவை தீ விபத்தைத் தடுக்க உதவும், ஷாக்கைத் தடுக்க அல்ல. அந்த வீட்டில் சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். சிங்கிள் பேஸுக்கு இரண்டு போல், த்ரீ பேஸுக்கு நான்கு போல்.

இங்கே நம் பத்திரிகைக்கு நெருக்கமான ஒரு சமாசாரம். கம்ப்யூட்டர் கேபினட்டைத் தொட்டால் 'சுருக்'கென்று அடிக்கிறது என்று அடிக்கடி புகார் சொல்கிறோம் அல்லவா? எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கெபாசிட்டர்கள் துளி மின்சாரத்தை கேபினட் வழியாக எர்த்துக்கு அனுப்பும். எர்த் சரியாக இல்லாத வீட்டில் அது போக வழியில்லாமல் கேபினட்டிலேயே நிற்கும். டெஸ்டர் வைத்தால் எரியும். ஆர்.சி.சி.பி. மாட்டினாலும் இந்தச் 'சுருக்' போகாது. அதற்கு மருந்து நல்ல எர்த்திங் ஒன்றுதான். இரண்டும் வேறு வேறு வேலை, இரண்டும் வேண்டும்.

இதை எலெக்ட்ரீஷியன்தான் மாட்ட வேண்டும். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் கலந்து கிடக்கிற வீடுகளில் மாட்டியதுமே தடதடவென்று விழும். 'இந்தப் பெட்டி சரியில்லை' என்று எடுத்துப் போட்டுவிடுவார்கள். பிழை பெட்டியில் இல்லை, ஒயரிங்கில். பெரியப்பா ஒருமுறை சொன்னார்: "வாங்கிக் குடுத்தா மட்டும் போதாது தம்பி, மாட்டிக் குடுக்கணும். அதுல இருக்கிற டெஸ்ட் பட்டனை அந்த வீட்டம்மா கையாலயே ஒரு தடவை அமுக்க வைக்கணும்." இப்போதெல்லாம் நான் எலெக்ட்ரீஷியன் கூலியையும் சேர்த்தே மொய்க் கவரில் வைத்துவிடுகிறேன்.

கரன்ட் போனால் போனும் போகும்

பழைய டெலிபோன் நினைவிருக்கிறதா? ஊரே இருட்டாக இருந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் வரும். காரணம், எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் அந்தச் செம்புக் கம்பி வழியாகவே வந்துகொண்டிருந்தது. இப்போது வீட்டுக்கு வருவது ஃபைபர். கண்ணாடி இழையில் ஒளி வரும், மின்சாரம் வராது. வீட்டில் கரன்ட் போனதும் ஃபைபர் மோடம் செத்துவிடும். அதோடு லேண்ட்லைனும் வை-ஃபையும் போச்சு. செல்போன் டவர் இருக்கிறதே என்றால், டவரும் பேட்டரியிலும் டீசலிலும்தான் தாக்குப் பிடிக்கிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் பல பகுதிகளில் செல்போன் ஊமையாகிப்போனதை அனுபவித்தவர்கள் சொல்வார்கள்.

ஆகவே இரண்டாவது பரிசு, ரவுட்டருக்கான மினி யு.பி.எஸ். உள்ளங்கை அளவு டப்பா. உள்ளே லித்தியம் பேட்டரி. அடாப்டருக்கும் மோடத்துக்கும் நடுவே செருகினால் வேலை முடிந்தது. ஆனால் வாங்குமுன் அந்த வீட்டு மோடத்தின் அடாப்டரைப் படித்துவிட வேண்டும். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும், ஆம்பியர் மட்டும் 1, 1.5, 2 என்று மாறும். யு.பி.எஸ். தருகிற ஆம்பியர் அதற்குக் குறையக்கூடாது. வோல்டேஜ் மாறவே கூடாது. வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருக்கிறதா? அப்படியானால் மினி யு.பி.எஸ். தேவையே இல்லை. மோடம் இருக்கும் பாயின்ட்டை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றித் தந்தால் போதும். நான் பார்த்த வீடுகளில் டி.வி.க்கு இன்வெர்ட்டர் லைன் இருக்கிறது, மோடத்துக்கு இல்லை!

பவர் பேங்க் பற்றிச் சொல்லாவிட்டால் கட்டுரை முடியாது. பெங்களூரு எஸ்.பி. ரோடில் மலிவாகக் குவிந்து கிடக்கும். 10,000 எம்.ஏ.எச். என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. அதாவது 37 வாட்-ஹவர். போனுக்குத் தருவது 5 வோல்ட். மாற்றும்போது ஆகும் இழப்பையும் கழித்தால் 6,000 முதல் 6,500 வரைதான் கையில் கிடைக்கும். நல்ல கம்பெனி என்றால் இந்த உண்மையான அளவையும் சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும். அது இல்லாத பெட்டியைத் தொடாதீர்கள். இன்னொரு அடையாளம், பி.ஐ.எஸ். பதிவு எண். 'ஆர்' என்ற எழுத்தில் ஆரம்பிக்கும். பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தால் தயாரிப்பாளர் பெயர் வரும். டப்பாவில் இருக்கும் பெயரும் அதுவும் ஒத்துப்போகவில்லை என்றால் போலி. பாதுகாப்புக்காகக் கொடுக்கிற பொருளே வெடிக்கக் கூடாது, இல்லையா? எடுத்து பீரோவில் வைத்துவிட்டு மறந்துபோனால் தானாகவே சார்ஜ் இறங்கிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் செய்யச் சொல்லிக் கொடுங்கள்.

இதோடு பென்சில் செல்லில் ஓடும் ஒரு சின்ன ரேடியோ. சிரிக்காதீர்கள்! நெட் போய், டவர் போனாலும் தர்மபுரி வானொலி பேசினால் கேட்கும்.

தீயும் புகையும்

ஃபயர் எக்ஸ்டிங்விஷர் நல்ல பரிசுதான். ஐ.எஸ். 15683 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். மீட்டர் முள் பச்சையில் நிற்க வேண்டும். வீட்டுக்கும் காருக்கும் ஏ.பி.சி. பவுடர் ரகம் பொதுவாகப் பொருந்தும். கம்ப்யூட்டர் மேஜைக்கு மட்டும் நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை. அந்தப் பவுடர் தீயை அணைத்துவிடும். ஆனால் மதர்போர்டில் படிந்து ஈரம் பட்டால் அரித்துவிடும். கடை, பிரவுசிங் சென்டர், வீட்டு ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு கார்பன் டை ஆக்சைடு ரகம் வாங்குங்கள். விலை கூடுதல், கனமும் கூடுதல். அடைத்த சின்ன அறையில் அடித்தால் மூச்சு முட்டும். அடித்துவிட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

காஸ் லீக் அலாரத்தைப் பல வீடுகளில் உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். அதனால் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் மாட்ட வேண்டும். புகை அலாரமோ நேர்மாறு, கூரையில் இருக்க வேண்டும். அதைச் சமையலறைக்குள் மாட்டினால் நம் தாளிப்புக்குத் தினமும் கத்தும். நாலாம் நாள் பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள்.

காசில்லாத பரிசு

வயதானவர்களுக்கு நான் தருவது ஒரு மணி நேரம்தான். அவர்களுடைய போனை வாங்கி, லாக் ஸ்கிரீனில் ரத்த வகை, சாப்பிடும் மருந்து, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்கள் இவற்றை ஏற்றித் தருகிறேன். மழை, மின்னல் எச்சரிக்கைக்கு டி.என்.-அலர்ட், சசேத் ஆப்கள். செட்டிங்ஸில் அவசர எச்சரிக்கைகள் ஆன் ஆக இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். 2023-ல் மாநிலம் மாநிலமாகச் சோதனை நடத்தியபோது போன்கள் திடீரென்று அலறினவே, அந்த வசதிதான். பயந்துபோய் அதை ஆஃப் செய்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 5 அல்லது 9-ஐ விடாமல் அழுத்திப் பிடித்தால் 112-க்கு அழைப்பு போகும்படி வைக்க வேண்டும் என்பது 2016-ல் வந்த மத்திய அரசு விதி. அவர்கள் போனில் எந்த பட்டன் என்று பார்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

எல்லையில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஜூஜூவாடி பக்கம் நின்றால் போன் கர்நாடக டவரைப் பிடிக்கும், இரண்டு தெரு தள்ளினால் தமிழ்நாட்டு டவர். 112-ஐயோ 108-ஐயோ கூப்பிட்டால், எந்த டவர் எடுத்ததோ அந்த மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போய்ச் சேரலாம். அப்போது எதிரில் கன்னடத்தில் பேசுவார்கள். பயந்து கட் செய்யாமல், முதல் வார்த்தையாக 'தமிழ்நாடு, ஓசூர்' என்று சொல்லப் பழக்க வேண்டும். அதோடு உள்ளூர் தீயணைப்பு நிலையத்தின் லேண்ட்லைன் எண்ணை 04344 என்ற ஓசூர் கோடு சேர்த்தே சேவ் செய்து வையுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறை 1077. அதையும் முன்னால் 04343 போட்டுத்தான் சேவ் செய்ய வேண்டும். அப்போதுதான் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்கு வந்திருக்கும் என்னைப் போன்ற பிள்ளைகள் அங்கிருந்தபடியே வீட்டுக்காக அழைக்க முடியும்.

பட்டா, பத்திரம், ஆதார் நகல்களை ஸ்கேன் செய்து பென் டிரைவில் போட்டுத் தருவதும் நல்லதுதான். மூன்று விஷயம் கவனியுங்கள். டிரைவைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுங்கள். விண்டோஸ் ஹோமில் பென் டிரைவைப் பூட்ட பிட்லாக்கர் கிடையாது, இலவச வெராகிரிப்ட் இருக்கிறது. பாஸ்வேர்டை வீட்டில் இரண்டு பேருக்குச் சொல்லி வையுங்கள். பென் டிரைவ் வருஷக்கணக்காக மின்சாரம் படாமல் கிடந்தால் உள்ளே இருப்பது அழியலாம், ஆகவே வருடம் ஒருமுறை கம்ப்யூட்டரில் செருகித் திறந்து பாருங்கள். எங்கள் வீட்டில் அந்த வேலையை ஆயுத பூஜை அன்றைக்கு வைத்திருக்கிறோம். பெரியப்பா அன்று ஸ்பேனருக்கும் டெஸ்டருக்கும் சந்தனம் வைத்து முடித்ததும், ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அமுக்கிவிட்டுத்தான் பொரிகடலைப் பக்கம் வருவார்.