வலியைச் சொல்லும் ஓர் ஆங்கில வினைச்சொல்



கால் வலித்தால் 'மை லெக் இஸ் பெய்னிங்' என்று நம் பிள்ளைகள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 'பெய்ன்' என்றால் வலி; ஆகவே அதனையே வினையாக்கிவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். ஆனால், ஆங்கிலேயர் தம் அன்றாடப் பேச்சில் அவ்விடத்தில் வழங்கும் சொல் 'ஹர்ட்' என்பதாகும். 'மை லெக் ஹர்ட்ஸ்' என்பர். விடாது மந்தமாக வலிப்பதற்கு 'ஏக்' என்று வேறொரு சொல்லும் உண்டு. தலைவலிக்கும் பல்வலிக்கும் உரிய ஆங்கிலப் பெயர்களில் அச்சொல்லைக் காணலாம்.

'ஹர்ட்' என்பது பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே அதற்கு முட்டுதல், மோதுதல் என்று பொருள். ஆகவே, அடி என்பதே இச்சொல்லின் முதற்பொருள். அடிபட்ட இடம் வலிக்கிறது என்பது பிற்காலத்தில் வந்து சேர்ந்த பொருள். இன்று இவ்விரண்டையும் அந்த ஒரு சொல்லே சுமக்கிறது.

இச்சொல் இறந்த காலத்திலும் உருமாறுவதில்லை. 'மை லெக் ஹர்ட்ஸ்' என்றால் கால் வலிக்கிறது. 'மை லெக் ஹர்ட்' என்றால் வலித்தது. இறுதியில் ஒலிக்கும் ஓர் 'ஸ்' காலத்தையே மாற்றிவிடுகிறது.

இனி, 'ஐ ஹர்ட் மை லெக்' என்னும் வாக்கியத்தைப் பாருங்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ஒருவன் வேண்டுமென்றே தன் காலைக் காயப்படுத்திக்கொண்டான் என்றாகிவிடும். கருத்து அதுவன்று. 'எனக்குக் காலில் அடிபட்டுவிட்டது' என்பதே நம் வழக்கு. ஆங்கிலம் ஆளை எழுவாயாக நிறுத்துகிறது. தமிழ் அடியை எழுவாயாக்கி, ஆளை நான்காம் வேற்றுமையில் வைக்கிறது.

இச்சொல் உடலோடு நிற்பதில்லை. கடும் மழை பயிரைக் கெடுத்தாலும், விலையேற்றம் ஏழைகளை வருத்தினாலும் 'ஹர்ட்' என்றே எழுதுவர். 'இட் வோன்ட் ஹர்ட் டு ஆஸ்க்' என்றால், கேட்பதனால் கெடுதல் ஒன்றுமில்லை என்று பொருள். மனம் நோவதற்கும் இச்சொல்லே வரும். நாமும் உடற்புண்ணைக் கொண்டுதானே மனம் 'புண்பட்டது' என்கிறோம்!

மனத்தைப் பற்றிப் பேசும் இடத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். நண்பனிடம் மன்னிப்புக் கேட்கும் ஒருவன், 'ஐ ஆம் சாரி யூ வேர் ஹர்ட்' என்று சொல்லலாம். 'ஐ ஆம் சாரி ஐ ஹர்ட் யூ' என்றும் சொல்லலாம். முன்னது, 'நீ புண்பட்டதற்கு வருந்துகிறேன்' என்பது. புண்படுத்தியவன் யார் என்பதை அது சொல்லவில்லை. பின்னது, 'நான் உன்னைப் புண்படுத்தியதற்கு வருந்துகிறேன்' என்பது. செய்தவன் தன் செயலை ஏற்றுக்கொள்கிறான். இரண்டிலும் வினைச்சொல் ஒன்றே, எழுவாய்தான் வேறு. புண்பட்ட நண்பன் அந்த வேற்றுமையைக் கேட்ட மாத்திரத்தில் உணர்ந்துகொள்வான். இலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று என்று நான் கூறுவது இதனாலேதான்.